ஹெட்டா–பல்லாஸ் போற தம்பிக்கு: பனியில ஸ்லெட் இழுக்குறது பத்தி

தம்பி, நீ கேட்டத முதல்ல சுருக்கமா போட்டுடறேன், மத்தவங்க படிச்சாலும் புரியணும்ல. வீடு திருவொற்றியூர், ஜனவரியில பின்லாந்துல ஓவுலுவுக்கு மேல்படிப்புக்கு போற, பிப்ரவரி கடைசியில கூட படிக்கிறவங்க மூணு பேரோட லாப்லாந்துல ஹெட்டாவுல ஆரம்பிச்சு பல்லாஸ் வரைக்கும் 55 கிலோமீட்டர், அஞ்சு நாள் பனியில போறதா ப்ளான். பசங்க "ஸ்லெட் இழுத்துக்கலாம், எவ்ளோ வேணா எடுத்துக்கலாம்"னு சொல்றாங்க, ஸ்லெட்னா சாமான் ஏத்தி பனி மேல வழுக்கி இழுத்துட்டு போற சக்கரமில்லாத வண்டி. உன் கேள்வி நாலு: முதுகுல பையா ஸ்லெட்டா, எத்தன கிலோ, ஸ்லெட்ட இடுப்போட சேக்க கயிறா ராடா, பனியே பாக்காத ஊர்ல இருந்துக்கிட்டு ப்ராக்டிஸ் எப்படி.

ஸ்லெட்டுதான், அதுல சந்தேகமே வேணாம். ஆனா "எவ்ளோ வேணா எடுத்துக்கலாம்"ன்றத மட்டும் இப்பவே மனசுல இருந்து எடுத்துடு, ஏன்னா அத நம்பி கிளம்புறவங்கதான் ரெண்டாவது நாளே முழங்கால் பனியில உக்காந்துக்கிட்டு எத தூக்கி போடலாம்னு யோசிக்கிறாங்க.

நான் காசிமேட்டுல பொறந்து வளந்தவன். எங்கப்பா ஐஸ் கம்பெனியில லோடுமேன். விடியகாலம் மூணு மணிக்கு போட்டுக்கு ஐஸ் ஏத்துவாங்க, சின்ன வயசுல நான் டீ தூக்கு எடுத்துட்டு போய் அங்க நிப்பேன். அப்பா ஐஸ் பார் மேல கொக்கிய ஒரு கொத்து கொத்தி இழுப்பாரு, ஈரத்தரையில அது பாட்டுக்கு வழுக்கிட்டு வரும், அப்பா ஒல்லியான ஆளு, அவ்ளோ பெரிய பாரு, ஒத்த கையில. அதே பாரு வாசப்படி தாண்டி மணல் செதறிக் கெடக்குற எடத்துக்கு வந்ததும் நின்னுடும், ரெண்டு பேரு சேந்து இழுத்தாலும் கரகரன்னு தேய்க்கும். அதனால இழுக்குறதுக்கு முன்னாடியே ஒரு வாளி தண்ணிய வழி நெடுக ஊத்திடுவாரு. பாரோட வெயிட்டு அதேதான், ஆனா இழுக்குற கைக்கு அது வேற வெயிட்டு. பின்னாடி நான் மெரைன் மெக்கானிக்கா நார்வேல வடக்கு கோடியில ஆல்டான்ற ஊர்ல ஒன்பது குளிர்காலம் இருந்தேன், லீவு கெடச்சா ஸ்லெட்ட கட்டிக்கிட்டு பின்மார்க் மேட்டு நெலத்துல திரியுவேன், அங்க ஒவ்வொரு தடவ இழுக்கும்போதும் எனக்கு அந்த வாளி தண்ணிதான் ஞாபகம் வரும்.

ஏன்னா பனி வழுக்குறதும் அதே மாதிரிதான். பனிக்கட்டியோட மேல்தோல்ல மூலக்கூறுங்க கெட்டியா புடிச்சுக்காம தளர்வா இருக்கும், அது மேல ஸ்லெட்டோட அடிப்பாகம் உரசும்போது வர்ற சூட்டுல ரொம்ப ரொம்ப மெல்லிசா ஒரு ஈரப்படலமும் சேரும், அதுல ஏறித்தான் ஸ்லெட் போகுது. மைனஸ் 3, மைனஸ் 5ல ஜோரா போகும். மைனஸ் 25க்கு கீழ எறங்குச்சுன்னா உரசுற சூடு பத்தாது, ஈரம் கட்டாது, பனித்துகள் எல்லாம் கூர் கூரா மணல் மாதிரி நிக்கும், அப்ப நீ இழுக்குறது பனியில இல்ல, எண்ணூர் கடக்கரை காஞ்ச மணல்ல. இன்னொரு பக்கம் சூடு ஏறி ஜீரோவ தொட்டாலும் தொல்லதான், பனி நொசநொசன்னு ஆகி அடியில ஒட்டிக்கும். புதுசா கொட்டுன பனின்னா எந்த டெம்பரேச்சரா இருந்தாலும் ஸ்லெட் உள்ள அமுங்கும், அமுங்குனா மேல போகாம உழுதுக்கிட்டு போகும். வடதுருவத்துப் பக்கம் இன்யூட் ஜனங்க இத நம்ம யாரும் சொல்லித் தர்றதுக்கு ரொம்ப முன்னாடியே புரிஞ்சு வெச்சிருந்தாங்க, ஸ்லெட்டோட அடிக்கட்டையில களிமண்ண பூசி உறைய விட்டு, அதுக்கு மேல தண்ணிய தடவி கண்ணாடி மாதிரி ஐஸ் தோல் ஏத்திடுவாங்க. எங்கப்பா தரையில ஊத்துன தண்ணிய அவங்க வண்டிக்கே ஊத்துனாங்க.

அவங்க ஸ்லெட்டு பேரு கமுதிக். ஆணியே கெடையாது, குறுக்குக்கட்டை எல்லாத்தையும் கயித்தால வரிஞ்சு கட்டியிருக்கும், மேடு பள்ளத்துல வளைஞ்சு நெளிஞ்சு குடுக்கும், உடையாது. நம்ம கட்டுமரம் அலையில ஏன் ஆணி இல்லாம தாங்குதோ அதே காரணம். 1888ல கிரீன்லாந்த மொத முறையா குறுக்கால கடந்த நார்வேக்காரர் நான்சனும் தன்னோட மர ஸ்லெட்டுங்கள இந்த மாதிரி வரிஞ்சு கட்டித்தான் செஞ்சாரு, அவரு பேர்லயே இன்னைக்கும் அந்த ஸ்லெட் ஓடுது. நீ வாடகைக்கு எடுக்கப் போறது அந்த ஜாதி இல்ல, அடிப்பாகம் முழுசா மூடுன படகு மாதிரி இருக்கும், பல்க்னு சொல்வாங்க. 'சாமி'ன்ற வடக்கு ஸ்காண்டிநேவியா பூர்வகுடி ஜனங்க கலைமான் கட்டி இழுத்த வண்டியில இருந்து வந்தது அது. பின்லாந்து கடையில 'அஹ்கியோ'ன்னு கேளு, 'புல்க்கா'ன்னு கேட்டா கொழந்தைங்க சறுக்கி வெளையாடுறத காட்டுனாலும் காட்டிடுவாங்க. அமுங்குற பனிக்கு படகு வடிவம் நல்லது, கெட்டியான ஐஸுக்கு ரன்னர், அதாவது அடியில நீள சறுக்குக்கட்டை, வெச்சது நல்லது, உன் ரூட்டுல ரெண்டும் வரும், படகு வடிவமே எடு, அடியில ரெண்டு வரியா பட்டை ஓடுதான்னு மட்டும் திருப்பிப் போட்டு பாத்துக்கோ. அது இல்லாத ஸ்லெட் சரிவுல குறுக்கால போகும்போது நண்டு மாதிரி பக்கவாட்டுல எறங்கிடும்.

குளிர் எவ்ளோ தூரம் கணக்க மாத்தும்ன்றதுக்கு ஒண்ணு சொல்றேன். 1911 ஜூன் கடைசியில, அண்டார்டிகா நடு குளிர்காலம், இருபத்தி நாலு மணி நேரமும் இருட்டு, தென்துருவம் போக வந்த பிரிட்டிஷ் கேப்டன் ஸ்காட்டோட ஆளுங்க மூணு பேரு வில்சன், பவர்ஸ், செர்ரி-கராட், பென்குவின் முட்டை எடுக்க ரெண்டு ஸ்லெட்ட சேத்துக் கட்டிக்கிட்டு கேப் குரோசியருக்கு கிளம்புறாங்க. போற தூரம் சுமார் 67 மைல். மைனஸ் 60 வரைக்கும் போயிடுச்சு, பனி மணலா ஆயிடுச்சு, ரெண்டையும் சேத்து இழுக்கவே முடியல. ஒண்ண கொஞ்ச தூரம் இழுத்து விட்டுட்டு, வெறுங்கையோட திரும்பி நடந்து வந்து, இன்னொண்ண இழுத்துட்டு போனாங்க. அப்ப கணக்கு போட்டு பாரு, ஒரு மைல் முன்னாடி போறதுக்கு மூணு மைல் நடக்கணும். போய்ச் சேர 19 நாள். அவங்க ஒண்ணும் பலமில்லாதவங்க இல்ல, அந்த கூட்டத்துலயே பவர்ஸ் மாதிரி இழுக்குற ஆள் கம்மி. லோடு ஏத்துன அன்னைக்கு சரியா இருந்த வெயிட்டு, தரை மாறுன அன்னைக்கு தப்பாயிடுச்சு.

அதனால நான் சொல்றது இதான், இத மட்டும் புடிச்சுக்கோ: பயணத்துலயே மோசமா இருக்கப் போற ஒரு மணி நேரத்த நெனச்சு லோடு ஏத்து. பஸ் ஸ்டாண்டுல எறங்குன எடத்துல, கெட்டியான தடத்துல, ஸ்லெட் ஒரு விரலுக்கு வரும். "அடடே இவ்ளோதானா"ன்னு இன்னொரு பையை தூக்கி வைக்க கை போகும். வைக்காத.

நான் காசிமேட்டுல மீன் நிறுக்குற தொங்கு தராசு ஒண்ண ஊர்ல இருந்து எடுத்துட்டு போயிருந்தேன், ஸ்பிரிங் தராசு, ரெண்டு பக்கமும் கொக்கி. அத ஸ்லெட்டுக்கும் இடுப்பு பெல்ட்டுக்கும் நடுவுல மாட்டி மெதுவா நடந்தா எத்தன கிலோ இழுவைன்னு முள்ளு காட்டும். ஸ்லெட்டோட சேத்து மொத்தம் 35 கிலோ. ஸ்னோமொபைல்னு பனியில ஓடுற மோட்டார் வண்டி ஓடி கெட்டியான தடத்துல, மைனஸ் 6ல, ரெண்டு கிலோ காட்டுச்சு. அதே தடம், அதே லோடு, மறுநா விடியகாலம் மைனஸ் 28ல அஞ்சு கிலோவ தாண்டிடுச்சு. தடம் விட்டு எறங்கி ராத்திரி கொட்டுன புதுப்பனியில ஏழு எட்டுன்னு முள்ளு ஆடிக்கிட்டே இருந்துச்சு. இதெல்லாம் சமதரை. பத்து டிகிரி ஏத்தம் வந்தா உரசல் இல்லாம ஏத்தத்துக்கு மட்டுமே ஆறு கிலோ சேரும், அது கணக்குலயே வரும், 35 கிலோவுல ஆறுல ஒரு பங்கு. ஆக ரெண்டு கிலோன்னு நெனச்சு கிளம்புனது மத்தியானம் பன்னெண்டு கிலோவா ஆகும், நடுவுல நீ ஒரு சாமான் கூட சேக்கல.

இப்ப பையா ஸ்லெட்டான்றத திரும்பிப் பாரு. 25 கிலோ பையை முதுகுல போட்டா அது 25 கிலோதான், ஒவ்வொரு அடிக்கும் 25 கிலோ, பனியில கால் இன்னும் ஆழமா போகும், விழுந்தா எழுந்துக்க ஆள் வேணும். ஸ்லெட்டுல அந்த வெயிட்ட பனி தாங்குது, நீ உரசலையும் ஏத்தத்தையும்தான் தாங்குற. முதுகு காலியா இருந்தா வேர்வையும் கம்மி. முதுகுல ஒரு சின்ன பை மட்டும் போடு, நாலஞ்சு கிலோக்குள்ள, அதுல டவுன் ஜாக்கெட் (பறவை இறகு அடைச்சது), ப்ளாஸ்க், மேப், ஹெட்லைட், தீப்பெட்டி, ஒரு நாள் திங்கிறதுக்கு. ஏன்னா ஸ்லெட் உன்ன விட்டு போயிடலாம், சரிவுல கழண்டு உருண்டு போனத நான் கண்ணால பாத்திருக்கேன், அன்னைக்கு உயிர காப்பாத்துறது முதுகுல இருக்குறதுதான்.

எத்தன கிலோன்னா, உனக்கு, மொத தடவைக்கு, அஞ்சு நாளைக்கு, ஸ்லெட்டோட சேத்து 30, மிஞ்சிப் போனா 35. ஸ்லெட்டே அஞ்சாறு கிலோ. அந்த ரூட்டுல விறகடுப்பு வெச்ச திறந்த மரக்குடிசைங்க உண்டு, யாரு வேணா தங்கலாம், காசு கெடையாது, கடைசியா வர்றவங்களுக்குத்தான் முதல் உரிமை, மொதல்ல வந்து காஞ்சிக்கிட்டவங்க எடம் விடணும்ன்றது அங்க வழக்கம், எனக்கு ரொம்ப புடிச்ச வழக்கம் அது. அதுக்காக டென்ட் எடுக்காம போயிடாத, காத்து அடிச்சா அடுத்த குடிசை வரைக்கும் போக முடியாத நாள் வரும். சாப்பாடு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு காஞ்ச சாமானா 800, 900 கிராம், நெய்யும் வேர்க்கடலையும் தாராளமா சேத்துக்கோ, வறுத்த ரவையில நெய் ஊத்தி பாக்கெட் போட்டு எடுத்துட்டு போனா சுடுதண்ணி மட்டும் போதும், பாயாசத்துக்கு மேல இருக்கும் அந்த குளிர்ல. அடுப்புக்கு கேஸ் சிலிண்டர நம்பாத, பியூட்டேன் ஜீரோவுக்கு கிட்டயே ஆவியாகுறத நிறுத்திடும், திரவ எரிபொருள் அடுப்பா எடு, பனிய உருக்கித்தான் தண்ணின்றதால ஆளுக்கு ஒரு நாளைக்கு 150லருந்து 200 மில்லி வரைக்கும் கணக்கு வெச்சுக்கோ. நாலு பேருக்கு நாலு டென்ட், நாலு அடுப்புன்னு கொண்டு போறதுதான் வழக்கமா நடக்குற தப்பு, டென்ட் ரெண்டு, அடுப்பு ரெண்டு, போதும்.

கெரசின் கதை ஒண்ணு சொல்லணும். மூணாவது வருஷம், நாலு நாள் ட்ரிப்பு, எரிபொருள் பாட்டில அரிசி ரவை மூட்டைக்கு பக்கத்துலயே சொருகி வெச்சுட்டேன். மூடிய கையுறையோட திருகுனேன், சரியா ஏறல, ஸ்லெட் ஒரு தடவ கவுந்துச்சு, சாயங்காலம் பையை திறந்தா ரவை முழுக்க நாத்தம். மைனஸ் 20ல, ரெண்டு நாள், பிஸ்கட்டும் சுடுதண்ணியும்தான். அதுக்கப்புறம் என் ஸ்லெட்ல எரிபொருள் எப்பவும் பின்கோடியில, தனி டப்பாவுல, நிக்க வெச்சு. சாப்பாடு முன்பக்கம். நடுவுல கனமானது எல்லாம் அடியோட அடியா. வெயிட்டோட மையம் ஸ்லெட் நடுவுக்கு கொஞ்சம் பின்னால இருக்கணும், முன்னாடி கனமானா மூக்கு பனியில குத்தும். வண்ணாரப்பேட்டையில பழைய கைவண்டிக்காரங்க மூட்டை அடுக்குறத பாத்திருப்ப, முன் கட்டை கையில அழுத்தவும் கூடாது, தூக்கவும் கூடாதுன்னு ஒரு மூட்டைய நாலு விரக்கடை அப்படி இப்படி நகத்துவாங்க பாரு, அந்த கண்ணு வேணும். அடுக்குன லோடு உயரமா நிக்கக் கூடாது, உன் முழங்காலுக்கு மேல போச்சுன்னா சரிவுல கவுறும். மேல எலாஸ்டிக் கயித்த குறுக்கும் நெடுக்குமா போட்டு இறுக்கிடு. எல்லாத்துக்கும் மேல உடனே கைக்கு வர்ற மாதிரி டென்ட், அதோட கம்பிய வீட்டுலயே பாதி சேத்து வெச்சுக்கோ, குளிர்ல விரல் வேலை செய்யாது.

அடுத்து கயிறா ராடா. அண்டார்டிகா, உறைஞ்ச கடல், ஏரி, இந்த மாதிரி சமதரையில கயிறு போதும், லேசு, அந்த பெரிய பயணம் போறவங்க எல்லாம் கயித்துலதான் போறாங்க. உன் ரூட்டு மொட்டை மலைங்க மேல ஏறி எறங்குறது. கயித்துல கட்டி எறக்கத்துல போனா ஸ்லெட் உன்ன விட வேகமா வரும், வந்து குதிகாலுக்கு பின்னாடி அடிக்கும். எனக்கு மொத வருஷம் அதான் ஆச்சு, ஒரு சின்ன எறக்கம், மூணு மாடி உயரம் கூட இருக்காது, ஸ்லெட்டோட மூக்கு கால்ல மாட்டியிருந்த ரெண்டு ஸ்கீ பலகைக்கும் நடுவுல பூந்து என்ன தூக்கி அதும்மேலயே உக்கார வெச்சு கீழ வரைக்கும் கொண்டு போச்சு, கணுக்கால் பத்து நாள் வீக்கம். ராடு கட்டுனா அந்த இடைவெளி எப்பவும் அதேதான், ஸ்லெட் உன் முதுகுல முட்டாது. ரெண்டு ராட நடுவுல குறுக்கா பெருக்கல் குறி மாதிரி கட்டுனா திரும்பும்போது ஸ்லெட் உன் தடத்துலயே வரும், நீ இடுப்ப ஆட்டி நடக்குற ஆட்டமும் ஸ்லெட்டுக்கு போகாது. ராடு இல்லாத ஸ்லெட் வாடகைக்கு குடுத்தா அடுத்த கடைக்கு போ.

சொந்தமா செய்றேன்னு பாரிஸ் கார்னர்ல பிவிசி பைப்பு வாங்கி, உள்ள கயிறு விட்டு ராடு பண்ணுற ஐடியா நெறய பேரு சொல்வாங்க. நம்ம ஊரு வெயிலுக்கு நல்லா இருக்கும், மைனஸ் 20ல பிவிசி அப்பளம். ஃபைபர் கிளாஸ் ராடு இல்ல அலுமினிய பைப்பு, உள்ள கயிறு ஓடணும், ராடு உடைஞ்சா கூட கயித்துல இழுத்து வீடு வந்து சேரலாம். மாட்டுற எடத்துல எல்லாம் பெரிய காரபினர் (திறந்து மூடுற கொக்கி வளையம்), தடிச்ச கையுறையோட திறக்க முடியுதான்னு கடையிலயே போட்டுப் பாரு. வெறுங்கையில இரும்ப தொடாத, தோல் ஒட்டிக்கும்.

பெல்ட் விஷயத்துல கஞ்சம் வேணாம். இழுவை இடுப்பு எலும்புல விழணும், தோள்பட்டை வாரு பெல்ட் கீழ எறங்காம புடிச்சுக்கறதுக்கு மட்டும்தான். வயித்துல இறுக்குனா மூச்சு வாங்கும். மாட்டிக்கிட்டு முன்னாடி லேசா சாஞ்சு நில்லு, உன் வெயிட்டே பாதி வேலைய பண்ணும், தோளால இழுக்குறவன் மத்தியானத்துக்கு மேல நிக்க மாட்டான். ஸ்கீ தெரியாதுன்னு சொன்ன, மொத ட்ரிப்புக்கு பனியில கால் அமுங்காம இருக்க மாட்டுற அகலமான ஸ்னோஷூ போதும், மெதுவா போனாலும் ஏத்தத்துல நல்லா புடிக்கும். ஸ்கீ போட்டுக்கிற பசங்க அடியில பின்னாடி வழுக்காம புடிக்கிற ஸ்கின் பட்டை ஒட்டிக்கலேன்னா ஸ்லெட் அவங்கள பின்னாடி இழுத்துட்டு போயிடும்.

ஏத்தம் செங்குத்தா இருந்தா நேரா ஏறாத, வளைஞ்சு வளைஞ்சு போ, ரொம்ப முடியலேன்னா ரெண்டு பேரு ஒரு ஸ்லெட்டுக்கு, ஒருத்தர் முன்ன இழுக்க ஒருத்தர் பின்ன தள்ள, அப்புறம் எறங்கி அடுத்தத எடுத்துட்டு போங்க. எறக்கத்துக்கு உங்க ஊரு தேர நெனச்சுக்கோ. மாசி மாசம் ஒற்றியூர் தேர் வரும்போது வடம் புடிக்கிறவங்க மேலதான் எல்லாரு கண்ணும் இருக்கும், ஆனா தேர நிறுத்துறவன் சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடுற ஆளு. ஸ்லெட்டுக்கும் அது வேணும். தடிச்ச கயித்துல ஒரு வளையம் போட்டு ஸ்லெட்டோட மூக்குக்கு அடியில மாட்டி விட்டா அது பனிய பிராண்டிக்கிட்டே வரும், வேகம் செத்துடும், கீழ போய் கழட்டிக்கலாம். அதோட ஸ்லெட்டோட பின்னாடி ஒரு கயிறு கட்டி ஒருத்தர் புடிச்சுக்கிட்டே எறங்கணும். சரிவு சந்தேகமா இருந்தா எல்லாத்தையும் கழட்டிட்டு நடந்து எறக்குங்க, இதுல வீரம் ஒண்ணும் வேணாம்.

நாலு பேருல முன்னாடி போறவன்தான் பனிய மிதிச்சு தடம் போடுறான், அவனுக்குத்தான் எல்லாரையும் விட கஷ்டம், பின்னாடி வர்ற ஸ்லெட்டுங்களுக்கு அது ரோடு மாதிரி ஆயிடும். அதனால அம்பது நிமிஷம் இழு, பத்து நிமிஷம் நில்லு, நிக்கும்போது ஆள் மாறு. நின்ன உடனே டவுன் ஜாக்கெட், கிளம்பும்போது கழட்டிடு. நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் பண்ற ஒரு தப்பு இருக்கு, குளிருக்கு பயந்து அஞ்சு அடுக்கு போட்டுக்கிட்டு கிளம்புவாங்க, இழுக்க ஆரம்பிச்ச கால் மணி நேரத்துல உள்ள சட்டை நனைஞ்சிடும், நின்னதும் அந்த ஈரம் உறைய ஆரம்பிக்கும். வேர்வைதான் அங்க மொத எதிரி. கிளம்பும்போது லேசா குளிருதுன்னு இருந்தா சரியா இருக்குன்னு அர்த்தம். பருத்தி பனியன் ஒண்ணு கூட வேணாம், கம்பளி இல்ல சிந்தெடிக்.

ஹெட்டாவுல கெளம்புனதுமே ஔனஸ்யார்வி ஏரிய தாண்டணும். பிப்ரவரி கடைசின்னா கெட்டியாத்தான் இருக்கும், ஆனாலும் ஊர்க்காரங்க போட்ட தடத்த விட்டு எறங்காத, ஓடை வந்து சேர்ற எடம், நாணல் நிக்கிற எடம், இங்கெல்லாம் ஐஸ் மெலிசா இருக்கும். நடக்க பத்து சென்டிமீட்டர் தெளிவான ஐஸ் இருக்கணும். சந்தேகமான எடத்துல பெல்ட்டு பக்கிள தளத்தி வெச்சுக்கோ, உள்ள விழுந்தா ஸ்லெட்ட கழட்டி விடறதுக்கு ரெண்டு செகண்டு கூட ஆகக் கூடாது. ஐஸ்ல குத்தி ஏறுற ரெண்டு சின்ன குத்தூசி கழுத்துல தொங்கட்டும். பனிக்கு அடியில ஐஸ் மேல தண்ணி நிக்கிறதும் உண்டு, மேல பாத்தா தெரியாது, அதுல ஸ்லெட் எறங்குச்சுன்னா வெளிய எடுத்ததும் அடியில ஐஸ் கட்டிக்கும், அங்கயே நின்னு சுரண்டி எடுத்துட்டுத்தான் போகணும், அப்புறம் பாத்துக்கலாம்னா அரை மணி நேரத்துல கல்லாட்டம் ஒட்டிடும்.

ராத்திரி நிறுத்தும்போது ஸ்லெட்ட காலி பண்ணி கவுத்துப் போடு, இல்ல பக்கவாட்டுல சாச்சு வை, ஒரு கயித்தால எதுலயாவது கட்டிடு. நேரா வெச்சா பகல்ல உரசுன சூட்டுக்கு அடிப்பாகம் பனியோட உறைஞ்சு ஒட்டிக்கும், காலையில உதைச்சு எடுக்கணும், அதுல வெடிப்பு விடும். கட்டலேன்னா காத்து தூக்கிட்டு போகும்.

இப்ப நம்ம ஊரு. பனி இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு பழகுறதுக்கு உலகம் முழுக்க ஒரே வழிதான், டயர் இழுக்குறது. ஹர்ப்ரீத் சாந்தின்னு பஞ்சாபி குடும்பத்து பொண்ணு, அப்ப பிரிட்டிஷ் ராணுவத்துல வேலை, 2022 ஜனவரி 3ம் தேதி தனியா தென்துருவத்துக்கு போய்ச் சேந்தாங்க, 1,127 கிலோமீட்டர், 40 நாள், சுமார் 90 கிலோ ஸ்லெட்ட இழுத்துக்கிட்டு. அவங்க இங்கிலாந்துல ரோட்டுல டயர கட்டி இழுத்துத்தான் பழகுனாங்க. உன் வீட்டுக்கு கடல் கிட்டக்க, பழைய கார் டயர் பஞ்சர் கடையில சும்மாவே குடுப்பாங்க, எட்டு பத்து கிலோ வரும். கல்லு கொட்டாத எடமா, காஞ்ச மணல் இருக்குற எடமா பாத்துக்கோ, எண்ணூர் பக்கம் போனா கெடைக்கும். காலையில அஞ்சரைக்கு, வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுடு. மொத வாரம் இருபது நிமிஷம், அப்புறம் ஒரு மணி நேரம், வாரத்துல மூணு நாள். கணுக்காலும் இடுப்பும் பழகணும், வேகம் தேவையே இல்ல. வலைய இழுத்துட்டு வர்ற அண்ணனுங்க என்னடா பண்றன்னு கேப்பாங்க, சொல்லு, அவங்க கடல்ல இருந்து கரைவலைய இழுக்கும்போது குதிகால மணல்ல எப்படி ஊனுறாங்கன்னு நின்னு பாரு, முழங்கால மடக்காம, பின்னாடி சாஞ்சு, எல்லாரும் ஒரே தாளத்துல. நீ முன்னாடி சாயணும், அவங்க பின்னாடி சாயறாங்க, ஆனா வெயிட்ட இடுப்புல போடுறது ரெண்டும் ஒண்ணுதான்.

காஞ்ச மணல்ல ஒரு கார் டயருக்கு அஞ்சுலருந்து ஏழு கிலோ வரைக்கும் இழுவை வரும். மேல சொன்ன என் ஸ்லெட்டு கணக்க திருப்பிப் பாரு, மைனஸ் 28லயும் புதுப்பனியிலயும் காட்டுன முள்ளும் கிட்டத்தட்ட அதேதான். அலை நனைச்ச ஈர மணல்ல அதே டயர இழுத்தா வேற நம்பர் வரும், ரெண்டையும் பாரு. காசிமேட்டுல மீன் மார்க்கெட்டுக்கு வெளிய தராசு விக்கிற கடைங்க இருக்கு, அம்பது கிலோ வரைக்கும் காட்டுற தொங்கு தராசு ஒண்ணு வாங்கி கயித்துக்கு நடுவுல மாட்டிக்கோ. ஒரு மணி நேரம் எத்தன கிலோ வரைக்கும் மூச்சு வாங்காம, பக்கத்துல இருக்குறவன்கிட்ட பேசிக்கிட்டே இழுக்க முடியுதுன்னு ஒரு நோட்டுல எழுதி வை. அந்த நம்பர்தான் உன் நம்பர். தராச சூட்கேஸ்ல போட்டு எடுத்துட்டு போ, ஹெட்டாவுல லோடு ஏத்துனதும் தடத்துல வேணாம், ஓரமா புதுப்பனியில எறக்கி மாட்டிப் பாரு, முள்ளு உன் நம்பர தாண்டுச்சுன்னா சாமான எறக்கி ஊர்ல குடுத்து வெச்சுட்டு கிளம்பு.